ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுச் சுவர்

“சுவரு அழுவுது பெரியம்மா.”

வந்து நின்றதும் நிற்காததுமாக துரைக்கண்ணு இதைச் சொன்னார்.

பெரியம்மா கேரட் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன்னு கேட்டீங்களா அண்ணே?”

“யாரை? சுவத்தையா?”

“அழுவுறது அதுதானே?”

“சுவரு எப்படிங்க பதில் சொல்லும்?”

“கேட்டாத்தானே தெரியும்.”

அவ்வளவுதான். அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

*

பெரியம்மா என்றால் வயதில் பெரியவள் இல்லை. ஐம்பதைக்கூடத் தொடவில்லை. துரைக்கண்ணு அவளைவிட ரொம்பவே மூத்தவர். பெயரை யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டது.

கோத்தகிரிக்கு மேலே ஒரு மேட்டில், யாரோ விட்டுப்போன தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் இருந்தாள். மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். வழி தெரியாதவர்கள் வருவார்கள். சும்மா இருக்க மாட்டாதவர்கள் வருவார்கள். வந்து கேள்வி கேட்பார்கள். அவள் கையில் மண்வெட்டியைக் கொடுப்பாள். பாதிப் பேர் அன்றைக்கே மலை இறங்கிவிடுவார்கள்.

துரைக்கண்ணு இறங்காதவர். மனைவி சொர்ணமும் கூடவே.

நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். அம்மா காரைக்காலுக்கு, மகள் வீட்டுக்கு. அங்கே பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்பா ஓசூருக்கு, மகன் வீட்டுக்கு. அங்கே பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாத்திரம் பண்டம் பிரிக்கிற மாதிரி சொன்னார்கள்.

துரைக்கண்ணு வாயே திறக்கவில்லை. அந்த வாரமே இரண்டு பையைக் கட்டினார். சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார்.

“ஞானம் தேடிப் போறேன்” என்று மகனுக்கு போன் செய்தார்.

“பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டா?” என்றான் மகன்.

போனை வைத்துவிட்டார்.

*

பெரியம்மா அவர்களுக்குக் கொடுத்தது பங்களாவின் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். ஓர் அறை. ஒட்டினாற்போல் விறகடுப்போடு ஒரு சமையற்கட்டு.

கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். ஒன்றரை முழம் கனம். நடுவில் பொந்தோ இடைவெளியோ கிடையாது. இந்தப் பக்கம் தொட்டால் அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே கல்.

சித்திரையில் வந்தார்கள். சொர்க்கமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. சொர்ணம் இருமத் தொடங்கினாள்.

கோத்தகிரியில் டாக்டர் அவள் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

“நெஞ்சுக்குள்ள ஈரச் சத்தம் கேக்குது. மாத்திரை தர்றேன். ஆனா ஓதமும் குளிருமா இருக்கிற ரூம்ல படுத்தா மாத்திரை என்ன செய்யும்? ரூமைச் சரி பண்ணுங்க. தை பொறந்தும் இப்படியே இருந்துச்சுன்னா கீழே கொண்டு போயிடுங்க. அதுக்கு மேல இங்க வச்சிருக்கிறது நல்லதில்லை.”

கீழே என்றால் காரைக்கால். சொர்ணத்துக்கு அங்கே இடமுண்டு. மாமனார்க்காரன் மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா? அது துரைக்கண்ணுக்கு ஆகாது. அவர் ஓசூர்தான்.

அவள் ஓர் ஊர். அவர் ஓர் ஊர். எதற்குப் பயந்து மலையேறினாரோ அது.

துரைக்கண்ணு வேலையில் இறங்கினார்.

*

அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐஸ் ரூம்.

“ஐஸ் ரூமுல குளிரு வெளிய போவக்கூடாது” என்று சொர்ணத்திடம் விளக்கினார். “இங்க உள்ள வரக்கூடாது. அதே கதைதான். திருப்பிப் போட்டாச் சரி.”

“சரிங்க” என்றாள் சொர்ணம். இருமினாள்.

உள்சுவர் முழுக்க சிமென்ட் பூசினார். அதன்மேல் தண்ணீர் ஒட்டாத பெயின்ட். மூன்று சுவரில் தெர்மாகோல் ஒட்டினார். இணைப்புகளில் டேப். மேல் ஜன்னல் இரண்டையும் பலகை அடித்து மூடினார். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியே சுவரோரம் இடுப்பளவு மண் அணைத்தார். பழைய ஐஸ் குழிக்கு அப்படித்தான் அணைப்பார்கள். நடுவில் ஒரு ஹீட்டர். சுவரில் ஒரு வெப்பமானி. ஐஸ் கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து.

“ஒரு ஈ உள்ள வர முடியாது” என்றார்.

சொர்ணம் சுற்றிலும் பார்த்தாள்.

“வந்த ஈ வெளிய போவவும் முடியாதுல்ல?”

அவர் காதில் வாங்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிற்று. தெர்மாகோல் ஒட்டாத சுவரில் முத்து முத்தாக நீர் கோத்தது. பிறகு கோடு கோடாக இறங்கியது. தெர்மாகோல் ஒட்டிய இடத்தில் ஓரம் பிரித்துப் பார்த்தார். பின்னால் கறுப்புப் பூசணம். பாயில் ஈர வாடை. தலையணையில் ஈர வாடை. சொர்ணத்தின் இருமல் கூடியதே ஒழியக் குறையவில்லை.

அதற்குத்தான் வந்து முறையிட்டார். அதற்குத்தான் பெரியம்மா, சுவரைக் கேள் என்றாள்.

*

மறுநாள் மறுபடி வந்தார்.

“கேட்டீங்களா அண்ணே?”

“பெரியம்மா, வெளையாடாதீங்க. ராத்திரி முழுக்க அவ தூங்கல. உக்காந்தே இருக்கா.”

பெரியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். ஒரு ரெயின்கோட்டோடு வந்தாள். கெட்டி ரப்பர். தேயிலைக் காலத்துச் சாமான்.

“இதைப் போட்டுக்குங்க.”

“மழை இல்லையே.”

“போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டார். அவளே பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள். தலைமூடியை இழுத்துக் கயிற்றை முடிந்தாள். கைப்பக்கத்தை நூலால் கட்டினாள். குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி பின்னால் தள்ளி நின்று சரிபார்த்தாள்.

“கீழ ஓடைப் பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை ஒண்ணு கிடக்கு. தூக்கிட்டு வாங்க.”

“நான் கேட்டது என்ன, நீங்க…”

“கிழங்கு நனைஞ்சிரும் அண்ணே.”

போனார். சரிவில் இறங்குவது சுலபம். மூட்டையோடு ஏறுவது அப்படியில்லை. பாதி வழியில் மூச்சு முட்டியது. மேலே வந்து மூட்டையைப் பொத்தென்று போட்டார்.

பெரியம்மா நூலை அவிழ்த்தாள். பொத்தானைக் கழற்றினாள். உள்ளே சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டிக் கிடந்தது. குளிர்காற்று பட்டதும் பல் கிட்டியது அவருக்கு.

“எங்க மழை பேஞ்சுது?” என்று கேட்டாள்.

“எங்கயும் பேயல.”

“அப்ப எப்படி நனைஞ்சீங்க?”

“வேர்வை. போவ வழியில்லாம உள்ளயே…”

நின்றுவிட்டார். ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே.

“அடப் பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

கோட்டைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. அப்படியே லாயத்துக்கு ஓடினார்.

*

தெர்மாகோலைப் பிய்த்தார். உளியெடுத்து சிமென்ட்டைக் கொத்தினார். அது கல்லோடு வந்தது. வரட்டும் என்று கொத்தினார். வெளியே அணைத்த மண்ணை வாரினார். மண்ணுக்கடியில் சுவர் ஊறிப்போய் இருந்தது.

சொர்ணம் வாசலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, என்ன இவ்வளவு சத்தம்?”

“நாப்பது வருசமா மீனுக்குக் குளிரு வச்சாரு. இப்ப எனக்கு வச்சுப் பாத்தாரு. சரிப்படல போல. கழட்டுறாரு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். துரைக்கண்ணு உளியோடு வெளியே வந்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி.

“சிரிப்பா இருக்கா? ஐஸ் ரூமை நான் கட்டுனா ஒரு வாரத்துக்குப் பாளம் கரையாது. தெரியும்ல?”

“தெரியாம என்ன” என்றாள் பெரியம்மா. “அந்த ரூமுக்குள்ள யாரு இருப்பாங்க அண்ணே?”

“யாரும் இருக்க மாட்டாங்க. மீனுதான்.”

“மீனு மூச்சு விடுமா?”

“செத்த மீனு எப்படிங்க மூச்சு…”

சொர்ணம் இருமினாள். நீளமான இருமல்.

துரைக்கண்ணு உள்ளே போய் மேல் ஜன்னல் பலகையைப் பிடுங்கி எறிந்தார்.

*

சுவர் காயட்டும் என்று விட்டார். சொர்ணம் அதுவரை பெரியம்மாவின் அறையில் படுத்தாள்.

கார்த்திகையில் மழை ஓய்ந்து வெயில் வந்தது. சுண்ணாம்பு குழைத்தார். உமி வாங்கிவந்து அதில் கலந்தார். ஐஸ் பாளத்தை உமியில் புதைத்து வைத்தால் கரையாது. அந்தக் காலத்து ஆள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உமிக்குள் காற்று நிற்கும்; ஈரம் வந்தாலும் தங்காமல் போய்விடும். நான்கு விரல் கனத்துக்குப் பூசினார். மேலே வெறும் வெள்ளையடித்தார். பெயின்ட் டப்பாவைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மார்கழி பிறப்பதற்குள் சுவர் காய்ந்தது. கையை வைத்தால் ஒட்டவில்லை. வாடை போய்விட்டது. சொர்ணம் திரும்பி வந்தாள்.

ஆனால் ஒன்று. மேல் ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே இறங்கியது. மூடினால் காலையில் கண்ணாடியில் மறுபடி நீர்.

பெரியம்மாவிடம் போனார்.

“அடைச்சா ஈரம். தெறந்தா குளிரு. எதைத்தான் செய்யறது?”

“வாயை மூடுங்க” என்றாள்.

“இல்ல, நான் என்ன கேக்குறேன்னா…”

“மூடுங்க அண்ணே.”

மூடினார்.

“மூக்கையும் பிடிங்க.”

பிடித்தார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. கையை எடுத்து ஆவென்று மூச்சிழுத்தார்.

“ம். அப்படியே தெறந்து வச்சிருங்க. மூடக்கூடாது.”

வைத்திருந்தார். குளிர்காற்று தொண்டையில் ஏறி அவருக்கும் இருமல் வந்தது.

“எது சரின்னு தெரிஞ்சுதா?”

இருமிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப்பிறகு அடுப்பு எரியும்போது திறந்தார். குளித்து முடித்ததும் திறந்தார். உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் திறந்தார். மற்ற நேரம் மூடினார். கண்ணாடி காய்ந்தது. ஈரத்துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போடுவதையும் விட்டார். அதை யாரும் சொல்லவில்லை.

*

மகள் மங்கை போன் செய்தாள்.

“அம்மா இருமுறது இங்க கேக்குதுப்பா.”

“கொறைஞ்சிருச்சும்மா. நல்லாக் கொறைஞ்சிருச்சு.”

“கொறைஞ்சிருச்சு, கொறைஞ்சிருச்சுன்னு எத்தனை நாளா சொல்றீங்க? பொங்கல் முடிஞ்சதும் காரு வச்சிக்கிட்டு வர்றேன். அம்மா என்னோட வரட்டும். அண்ணன் உங்களுக்கு ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டான்.”

“டாக்டரு இன்னும்…”

“அப்பா. உங்க பிடிவாதத்துக்கு அம்மாவைப் பலி குடுக்காதீங்க.”

போன் கையில் வெறுமனே இருந்தது.

சுவர் காய்ந்துவிட்டது. அது உண்மை. ஆனால் அறை குளிர்ந்துதான் கிடந்தது. ஹீட்டரைப் போட்டால் அது இருக்கிற மூலை மட்டும் தகித்தது. ஓட்டுக்கூரை உயரம். சூடெல்லாம் மேலே போய்க் குந்திக்கொண்டது. வெப்பமானியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்ப் பார்த்தார். முள் அசைவேனா என்றது.

சொர்ணம் இன்னமும் இருமினாள். கம்மியாகத்தான். ஆனால் இருமினாள்.

*

பெரியம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை முறையிடுகிற குரல் இல்லை.

“இவ்வளவு பெரிய ரூமை எப்படிச் சூடாக்குறது பெரியம்மா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சிட்டேன்.”

“என் ரூமும் அதே கல்லுதான் அண்ணே.”

“அங்க இருந்தப்ப அவளுக்குக் கொறைச்சலாத்தான் இருந்துச்சு. உங்க ரூமு குளிராதா?”

“குளிருமே.”

“அப்பறம்?”

“போத்திக்குவோம்.”

அவர் முகம் தொங்கிப்போனது. பெரியம்மா துடுப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அண்ணே. குளிருறது யாருக்கு?”

“சொர்ணத்துக்கு.”

“நீங்க யாரைச் சூடாக்குறீங்க?”

“ரூமைத்தான்…”

களி கொதித்துத் தெறித்தது. பெரியம்மா மறுபடி துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

துரைக்கண்ணு நிலையை விட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். மாற்றி மாட்டியது பாதி வழியில்தான் தெரிந்தது.

*

சொர்ணம் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முக்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார்.

“எங்க குளிருது?”

“என்னது?”

“ஒனக்கு. எங்க குளிருது?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “ஏங்க, ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

“கேட்டதுக்குப் பதிலு.”

“முதுவுல.”

“முதுவுல மட்டுமா?”

“மொகத்துல இல்ல. காலுல இல்ல, நீங்கதான் சாக்ஸ் மேல சாக்ஸா மாட்டி விடுறீங்களே. முதுவுலதான். யாரோ பின்னாடி உக்காந்து உறிஞ்சுற மாதிரி.”

துரைக்கண்ணு அவளுக்குப் பின்னால் பார்த்தார். வடக்குச் சுவர். வெயிலே படாத சுவர். கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது. கதவு இடுக்குக் காற்று படக்கூடாதென்று அங்கே தள்ளிப் போட்டவர் அவர்தான்.

முக்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவருக்கு முதுகைக் காட்டி.

காற்றில்லை. ஈரமில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தோள்பட்டையிலிருந்து ஏதோ கழன்று போகிற மாதிரி இருந்தது.

அவருக்கு இது தெரியும். ஐஸ் பாளம் அடுக்கியிருக்கிற பக்கம் முதுகைக் காட்டி நிற்காதே என்று வேலைக்கு வந்தவன் போனவன் எல்லாரையும் கத்தியிருக்கிறார். காற்றே வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும், ஆளைத் தின்றுவிடும் என்று. பெரிய சுவர். உமி பூசியும் அதற்குள் மார்கழி முழுக்க இருந்தது.

பெண்டாட்டியை அதன் மடியில் படுக்க வைத்திருக்கிறார்.

“ஏன் சொல்லல?”

“நீங்க எப்ப கேட்டீங்க? உள்ள வந்ததும் அந்த டிகிரி மிஷினைத்தானே போய்ப் பாக்குறீங்க.”

“நீயாச் சொல்லியிருக்கலாம்ல.”

“இவ்வளவு ஆசையா வேலை பாத்துக்கிட்டு இருக்கீங்க. குளிருதுன்னு சொன்னா மொகம் சுண்டிப்போயிடும்.”

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

“இதுக்குள்ள எந்த எடம் ஒனக்கு நல்லா இருக்கும்?”

“அந்தப் பக்கம்” என்று கத்தியால் காட்டினாள். சமையற்கட்டுச் சுவர். அந்தப் புறம் விறகடுப்பு. “நீங்க தோட்டத்துக்குப் போனதும் அங்கதான் போயி முதுவைச் சாச்சிக்கிட்டு உக்காருவேன். கதகதன்னு இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டா ஓடியாந்து இங்க படுத்துக்குவேன்.”

“ஓடியாந்து?”

“ஆமா. அதுலதான் இருமலு வந்துரும்.”

துரைக்கண்ணு சிரிக்கவும் முடியாமல் மற்றதும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

*

கட்டில் இடம் மாறியது. அடுப்புச் சுவரோரம். காலையில் கிழக்கு ஜன்னல் வெயில் நேராக அவள் மடியில் விழுந்தது. வடக்குச் சுவரில் ஆணியடித்துக் கம்பளி தொங்கவிட்டார், சுவரில் ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி. கதவுக்கு உள்பக்கம் ஒரு ஜமுக்காளம். ஹீட்டரை மூட்டை கட்டி மேலே போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மாவிடம் வந்தார்.

“ஒண்ணு புரியல பெரியம்மா. மிஷினு அதே அளவுதான் காட்டுது. ஒரு முள்ளு ஏறல. ஆனா அவ போர்வையைத் தள்ளிட்டு உக்காந்து பூ கட்டுறா.”

“மிஷினுக்குக் குளிருதா அண்ணே?”

“மிஷினுக்கு எப்படிங்க…”

நிறுத்திக்கொண்டார். வெப்பமானி அன்றே கேரட் கொட்டகைக்குப் போனது.

தை பிறப்பதற்கு முன் டாக்டரிடம் போனார்கள். குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

“ஈரச் சத்தம் இல்லை. ரூமை என்ன பண்ணினீங்க?”

“கேட்டேன்” என்றார் துரைக்கண்ணு.

டாக்டருக்குப் புரியவில்லை. மாத்திரையைக் குறைத்து எழுதினார். “இப்படியே பாத்துக்கிட்டா இங்கயே இருக்கலாம். இல்ல, கீழே போறதுன்னாலும் போகலாம். இனிமே அது நான் சொல்றதில்லை. உங்க இஷ்டம்.”

*

மங்கை சொன்னபடி வந்தாள். வாடகைக் கார். டிரைவர் கையைத் தேய்த்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். கொண்டை ஊசி வளைவில் அவளுக்குத் தலை சுற்றியிருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“இதான் வீடா? குதிரை கட்டுற எடமா?”

“குதிரை போயி ரொம்ப நாளாச்சு” என்றார் துரைக்கண்ணு.

அவள் சுவரைத் தொட்டாள். கம்பளியைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள். மேலே கூரையைப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க வந்தவள் மாதிரி இல்லை. பயந்தவள் மாதிரி.

“டாக்டரு சரியாயிருச்சுன்னு சொன்னாரு” என்றார்.

“இந்த வருசம் சொன்னாரு. அடுத்த ஐப்பசிக்கு? அதுக்கு அடுத்த ஐப்பசிக்கு? நீங்க ரெண்டு பேரும் தனியா இந்த உச்சியில… ஒண்ணுன்னா யாருப்பா ஓடியாறது? பாப்பா தெனமும் ஆத்தா எப்ப வரும், ஆத்தா எப்ப வரும்னு கேக்குறா.”

சொர்ணம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பேத்தி பேச்சைக் கேட்டதும் முகம் இளகியது. துரைக்கண்ணு அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

பெரியம்மா ஒரு கூடை கேரட்டோடு வாசல் பக்கம் போனாள். மங்கை பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்கதானே இங்க பெரியவங்க? எங்கப்பா நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. நீங்களே சொல்லுங்க. எங்கம்மா இங்க இருக்கிறது நியாயமா?”

“நான் இருமலையேம்மா” என்றாள் பெரியம்மா. கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

மங்கை அப்பாவிடம் திரும்பினாள்.

“அப்ப நீங்க சொல்லுங்க. முடிவா ஒரு வார்த்தை. அம்மாவை அனுப்புறீங்களா, இல்லியா?”

துரைக்கண்ணு வாயைத் திறந்தார்.

பதில் தயாராகத்தான் இருந்தது. எப்போதும் தயாராக இருக்கும். அவளுக்கு எந்தப் புடவை, எந்தப் பஸ், எந்தக் கட்டில், எந்தச் சுவர். எல்லாவற்றுக்கும் அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பாத்திரம் பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள் என்று கோபப்பட்டு மலையேறினாரே. அன்றைக்கு இரண்டு பையைக் கட்டினபோது, வர்றியா என்று ஒரு வார்த்தை…

வாயை மூடிக்கொண்டார்.

அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

கட்டில் பக்கம் திரும்பினார்.

“சொர்ணம்?”

அவள் அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“மங்கை, அந்த டிரைவரை உள்ள கூப்புடு. பாவம், குளிருல உக்காந்திருக்கான். சோத்தைப் போட்டு அனுப்பு, வெயிலு இருக்கும்போதே எறங்கிரட்டும். நீ ரெண்டு நாள் எங்களோட இருந்துட்டு பஸ்ல போவலாம்.”